கடல்நீரில் நிற்கும் வெண்கண்டல்: உப்பை ஒரு மரம் தாங்குவது எப்படி?

அலையாத்திக் காடுகளைப் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழும். “இந்த மரத்துக்கு உப்புத்தண்ணிதான் சாப்பாடு” என்பது ஒன்று. “சேறு இருக்கிற இடத்தில் நட்டுவிட்டால் தானாக வளர்ந்துவிடும்” என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. முதல் தவறிலிருந்துதான் இரண்டாவது பிறக்கிறது. இரண்டாவதை நம்பி நடப்பட்ட கன்றுகள் பல கரைகளில் ஓராண்டு தாண்டாமல் காய்ந்துபோயிருக்கின்றன.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறது: வெண்கண்டல். தாவரவியல் பெயர் அவிசென்னியா மரினா. கிழக்கு ஆப்பிரிக்கா, செங்கடல், பாரசீக வளைகுடா தொடங்கி இந்தியா, இலங்கை வழியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை கடலோரச் சதுப்புகளில் இயற்கையாக வளர்வது. பிச்சாவரத்தில் இது மிகுதி. முத்துப்பேட்டையில் காட்டின் மிகப்பெரும்பகுதி இந்த ஒரே இனம்தான். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் களப்புகளின் ஓரங்களிலும் நிற்கிறது. இலையின் மேற்புறம் பளபளப்பான பச்சை, அடிப்புறம் வெளிறிய சாம்பல் வெள்ளை. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் பருமனில் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் பார்க்கும் வளைந்த ஊன்றுவேர்கள் சுரபுன்னையுடையவை. அது வேறு மரம்.

உப்பு செடிகளைக் கொல்வது எப்படி

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியின் அடியில் நீர் கோத்திருக்கும். நாம் ஒரு சொட்டு நீர்கூட ஊற்றவில்லை. துண்டுகளுக்குள் இருந்த நீர்தான் வெளியே வந்தது. மாங்காயின் ஒவ்வொரு உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது நீரை எளிதாக விடும், உப்பை எளிதாக விடாது. அப்படிப்பட்ட சவ்வின் இரு புறமும் கரைசல் இருந்தால், எந்தப் பக்கம் கரைபொருள் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு நீர் நகரும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர்.

வேரிலும் இதுதான் நடக்கிறது. நல்ல மண்ணில் வேரணுக்களுக்குள் கரைபொருள் அதிகம், மண்நீரில் குறைவு, அதனால் நீர் உள்ளே வருகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் வேரைச் சூழ்ந்தால் திசை மாறிவிடும். தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். நெல்லுக்கு இவ்வளவெல்லாம் தேவையில்லை. லிட்டருக்கு 2 கிராம் அளவைத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும்.

தாகம் ஒரு பக்கம் இருக்க, நச்சும் உண்டு. உயிரணுவுக்குள் பல நொதிகள் பொட்டாசியத்தை நம்பி வேலை செய்கின்றன. உப்பிலிருக்கும் சோடியம் பெருகினால் பொட்டாசியத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும்.

ஆக, உப்பு இரண்டு வழிகளில் கொல்கிறது: வெளியே நின்று நீரைத் தடுக்கிறது, உள்ளே வந்தால் நஞ்சாகிறது. வெண்கண்டல் இந்த இரண்டுக்கும் தனித்தனியாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

வேரில் நடக்கும் வடிகட்டல்

மண்நீர் வேரின் நடுவிலுள்ள குழாய்களை அடைய இரண்டு பாதைகள் உண்டு. அணுச்சுவர்களின் இடுக்கு வழியாக, எந்த அணுவுக்குள்ளும் நுழையாமல் கசிந்து போகலாம். அல்லது சவ்வைக் கடந்து, அணுக்களின் ஊடாகப் போகலாம். முதல் பாதையில் காவல் இல்லை. நீரோடு உப்பும் அப்படியே வந்துவிடும்.

அந்தப் பாதையை அடைப்பது அகத்தோல். நடுக்குழாய்களைச் சுற்றி வளையமாக நிற்கும் ஓர் அணு அடுக்கு இது. இதன் சுவர்களில் சுபெரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்திருக்கும். இடுக்கு வழி அடைபட்டதால் நீர் சவ்வைக் கடந்துதான் போயாக வேண்டும், அங்கே உப்பு நின்றுவிடும். அகத்தோல் எல்லாச் செடிகளுக்கும் இருக்கிறது. ஆனால் வெண்கண்டலில் இந்த அடைப்பு வேர்நுனிக்கு மிக அருகிலேயே தொடங்கி, நல்ல கனமாகவும் அமைகிறது. அகத்தோலுக்கு வெளியேயும் இன்னொரு சுபெரின் அடுக்கு உண்டு.

விளைவாக, மண்நீரிலுள்ள உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வேருக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. மரம் கடல்நீரைக் குடித்து வாழ்கிறது என்று சொல்வது ஏன் சரியில்லை என்பதற்கு இந்த எண்ணே போதும். அது குடிப்பது ஏறக்குறைய நல்ல நீர்.

ஏறக்குறைய என்பதைக் கவனிக்க வேண்டும். 90 விழுக்காடு தடுத்தாலும் லிட்டருக்கு 3.5 கிராம் உள்ளே வருகிறது. நீர் இலை வழியாக ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. பத்து லிட்டர் நீர் ஆவியானால் 35 கிராம் உப்பு மரத்துக்குள் தங்கிவிடும். அதை என்ன செய்கிறது என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

நீரை மேலே இழுக்கும் விசை

வடிகட்டி இருந்தால் மட்டும் நீர் வந்துவிடாது. அதன் வழியே நீரை வலிந்து இழுக்க வேண்டும். கடல்நீரிலிருந்து நல்ல நீரைப் பிரிக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட விசை தேவை. 250 மீட்டர் உயர நீர்த்தம்பம் தன் அடியில் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம் அது. வேர் இந்த விசையைத் தருவதில்லை. இழுப்பது இலை.

வெயிலில் இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது. இதுதான் நீராவிப்போக்கு. போன நீரின் இடத்தை நிரப்பக் கீழேயுள்ள நீர் இழுபடுகிறது. அந்த இழுப்பு சைலம் எனப்படும் நீர்க்குழாய்களின் வழியே அறுபடாத நீர்ச்சரமாக வேர்வரை போய்ச் சேர்கிறது.

இதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணிபுரிந்த பெர் ஷோலாண்டர். 1965இல் அவரும் உடன்பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை எளிமையானது. கிளை நுனியை வெட்டி, இலைப்பகுதி உள்ளேயும் வெட்டுமுகம் வெளியேயும் இருக்கும்படி ஓர் எஃகுக் கலத்தில் இறுக்கி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டுமுகத்தில் சாறு துளிர்க்கும்போது காட்டும் அழுத்தம்தான், வெட்டுவதற்கு முன் அந்தக் குழாயில் இருந்த இழுவிசை. அலையாத்தி இனங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. கடல்நீரின் 25ஐத் தாராளமாக மிஞ்சும் அளவு.

இவ்வளவு இழுப்பில் இலையணுக்களே நீரை இழந்து சுருங்கிவிடாதா? சுருங்கும், உள்ளே கரைபொருள் போதுமான அளவு இல்லாவிட்டால். வெண்கண்டல் இங்கே உப்பையே பயன்படுத்துகிறது. அணுவின் நடுவிலுள்ள வாக்குவோல் என்ற நீர்ப்பையில் சோடியத்தைப் பூட்டி வைக்கிறது. நொதிகள் வேலை செய்யும் சுற்றுப்பகுதிக்கு அது வராது. சுற்றுப்பகுதியில் சமன் செய்யக் கிளைசின் பீட்டைன் என்ற தீங்கற்ற கரைபொருளைத் தானே தயாரித்து நிரப்புகிறது. இதைச் செய்ய நைட்ரஜன் செலவாகும். புது இலைக்கும் அதே நைட்ரஜன்தான் வேண்டும்.

உப்பு கூடக் கூட மரம் குட்டையாவது இதனால்தான். இழுவிசை கூடினால் நீர்ச்சரம் அறுந்து குழாயில் காற்று புகும் ஆபத்து உண்டு. அதைத் தவிர்க்கக் குழாய்கள் குறுகலாக இருக்கின்றன. குறுகிய குழாயில் நீர் மெதுவாகத்தான் வரும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். சோதனைகளில் வெண்கண்டல் நாற்றுகள் செழிப்பாக வளர்வது கடல்நீரில் கால் பங்கு முதல் பாதி வரை உப்புள்ள நீரில்தான். கடல்நீரைவிட இருமடங்குக்கு மேல் உப்பேறிய மண்ணிலும் உயிரோடு நிற்கும், இடுப்பளவுப் புதராக. ஓடைக் கரையில் ஓங்கி நிற்கும் அதே இனம் உள்பக்க உவர்த்திடலில் புதராகக் கிடப்பதைப் பார்த்து இரண்டு வகை மரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இனம் ஒன்றுதான், கட்டும் விலை வேறு.

சுருக்கமாக: வேர் வடிகட்டுகிறது, இலை இழுக்கிறது, இரண்டுக்கும் மரம் தன் வளர்ச்சியை விலையாகக் கொடுக்கிறது.

உள்ளே வந்த உப்பு வெளியேறும் வழி

வெண்கண்டல் இலையின் இரு புறத்திலும் உப்புச்சுரப்பிகள் உள்ளன. சில அணுக்களே கொண்ட நுண்ணிய அமைப்பு. இலைக்கு வந்து சேரும் உப்பைச் செறிவான கரைசலாக இவை வெளியே தள்ளுகின்றன. இது தானாகக் கசிவதன்று. உப்பைக் குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குத் தள்ள ஆற்றல் செலவழித்தாக வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும்போது இலைமேல் துளிகளாக நிற்கும். வெயில் ஏறியதும் நீர் போய், வெள்ளைப் படிகங்கள் மட்டும் எஞ்சும். மழையில்லாத நாளில் ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அடிப்புறத்தை வெளிறச் செய்யும் நுண்மயிர்கள் இந்த உப்புத்துளிகளை இலைப்பரப்போடு ஒட்டவிடாமல் சற்று விலக்கியும் வைக்கின்றன.

எல்லா உவர்தாவரங்களும் இப்படிச் செய்வதில்லை. சுரபுன்னைக்கு உப்புச்சுரப்பி கிடையாது. அது வேரிலேயே இன்னும் கடுமையாக வடிகட்டிவிடுகிறது. உப்பளங்களின் ஓரத்தில் படரும் உமரி உப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு, இலையைச் சதைப்பற்றாக்கி நீரைச் சேர்த்து அதை நீர்க்கச் செய்கிறது. பழுத்த இலைகளில் உப்பையெல்லாம் கொட்டி உதிர்த்துவிடும் என்று அலையாத்திகளைப் பற்றிப் பரவலாகச் சொல்கிறார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

வேருக்கு வெளியே நின்ற உப்பு என்ன ஆகிறது

பெரும்பாலான விளக்கங்கள் விட்டுவிடும் கேள்வி இது. நடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை.

வேர் நீரை எடுத்துக்கொண்டு உப்பை வெளியே விடுகிறது. அப்படியானால் வேரைச் சுற்றிய மண்ணில் நீர் குறைந்து உப்பு ஏறிக்கொண்டே போகும். மரம் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவுக்குத் தன் காலடி மண்ணைத் தானே உவராக்குகிறது. இதை யாராவது கழுவிக்கொண்டே இருக்காவிட்டால், எந்த வடிகட்டியும் தாங்காத எல்லைக்கு உப்பு போய்விடும்.

கழுவுவது ஓதம். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் நீர், சேற்றிலிருக்கும் நண்டு வளைகளுக்குள் புகுந்து, தேங்கிய உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்புகிறது. நண்டு வளை இல்லாத இறுகிய சேற்றில் ஓதம் மேலோடு போய்விடும், அடியிலிருக்கும் உப்பு அசையாது. அத்துடன் மழைக்காலத்தில் ஆற்று நன்னீர் வந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஆழமாக அலசிவிடும். காவிரிக் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்துபோனதும், உப்பைத் தாங்கும் திறன் குறைந்த இனங்கள் பின்வாங்க வெண்கண்டல் பெருகியதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

ஆகவே, உப்புநீர் இருக்கிறதா என்று கேட்பதைவிட, வந்த நீர் திரும்பிப் போகிறதா என்று கேட்பதுதான் இந்த மரத்துக்கு உகந்த கேள்வி.

சேற்றில் மூச்சு

நீர் திரும்பிப் போக வேண்டியதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. சதுப்புச் சேற்றை ஒரு கையளவு தோண்டினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் அது.

மரத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் குச்சிகள் இங்கே உதவுகின்றன. இவை சுவாச வேர்கள். சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் வேர்களிலிருந்து மேல்நோக்கி முளைத்து, பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஒரு மரத்துக்கே ஆயிரக்கணக்கில் இருக்கும். பட்டையிலுள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று புகுந்து, உள்ளே காற்றறைகள் நிறைந்த மென்திசு வழியாக அடிவேர் வரை போகிறது. நீர் இவற்றை மூடும்போது மூச்சு நின்றுவிடும். வற்றியதும் மீண்டும் தொடங்கும். சில மணி நேரம் தாங்கும், நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் தாங்காது. வேரணுக்கள் உயிரோடு, ஆக்சிஜனோடு இருந்தால்தான் உப்பைத் தடுக்கும் வேலையும் நடக்கும். மூச்சு அடைபட்டால் வடிகட்டலும் குலைகிறது. தேங்கிய நீரில் வெண்கண்டல் சாவது இந்த இரட்டைக் காரணத்தால்தான்.

பிச்சாவரத்தில் நடந்தது

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, பிச்சாவரத்தில் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக முழுவதும் வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல துண்டுகள் முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நடுவில் தொட்டி போலத் தாழ்ந்தது. பெரிய ஓதத்தில் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. ஒவ்வொரு ஓதமும் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்தது. கடைசியில் வெண்கண்டலே முளைக்க முடியாத மொட்டைத் திடல்களாயின.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் அங்குள்ள ஊர்மக்களோடு சேர்ந்து முதலில் செய்தது கன்று நடுவதன்று, கால்வாய் வெட்டுவது. இயற்கை ஓடையிலிருந்து திடலுக்குள் ஒரு தாய்க்கால்வாய், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக்கால்வாய்கள். இதை மீன்முள் கால்வாய் என்கிறார்கள். ஓதநீர் உள்ளே வந்து, வற்றும்போது முழுவதும் வடிந்துபோகும்படி ஆழமும் சரிவும் அமைக்கப்பட்டன. மண்ணின் உப்பு இறங்கியது. அதன் பிறகே கால்வாய்ச் சரிவுகளில் வெண்கண்டல் நடப்பட்டது. முத்துப்பேட்டையிலும் இதே முறை பயன்பட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக (ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டபோது அந்தக் காட்டின் ஒரு பகுதி இப்படி மீட்கப்பட்டதாக இருந்தது.

நடுவதற்கு முன்னும் பின்னும்

இடத்தைப் பார்க்க வேண்டிய நேரம் வற்றம். நீர் இறங்கிய பின் குட்டைகளாகத் தேங்கியிருந்தால் அங்கே நடக்கூடாது, முதலில் வடிகால் வேண்டும். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, ஊறும் நீரின் உப்பைக் கைக்கடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று இருமுறை பார்த்தால்தான் உண்மை தெரியும். லிட்டருக்கு 35 கிராமை ஒட்டி இருந்தால் கவலையில்லை. கோடையில் 70ஐத் தாண்டினால் கன்று பிழைத்தாலும் வளராது. எப்போதும் நீருக்கடியில் இருக்கும் சேற்றுத்திட்டும், கடற்புல் வளரும் தரையும், அலை நேரடியாக மோதும் மணற்கரையும் வெண்கண்டலின் இடங்களே அல்ல.

விதை விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியது, இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது என்பது. கரு மரத்திலேயே வளரத் தொடங்கி, காயின் தோலுக்குள் மறைந்தபடியே நாற்றாகி விழுகிறது. காவிரிக் கழிமுகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, உப்பு குறைந்திருக்கும் நேரத்தில், நீரில் மிதந்து பரவும். பழுப்பு மஞ்சள் சாயல் ஏறி, தொட்டாலே கழன்றுவரும் காய்களை எடுத்து ஓரிரவு நீரில் போட்டால் மேல்தோல் நழுவிவிடும். வேர்முனை கீழே இருக்கும்படி சேற்றில் மெல்ல அழுத்தினால் போதும். முழுவதும் புதைத்தால் அழுகிவிடும். நாற்றங்காலில் வளர்த்துப் பிறகு நடுவதானால், ஓதம் எட்டும் கரையிலேயே நாற்றங்கால் அமைவது நல்லது. நன்னீரில் மட்டும் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் கடுமையான உவர்சேற்றுக்கு மாற்றினால் இலையை உதிர்த்துவிடும். கால்வாய் ஓரம் நடும்போது அடியிலும் வேண்டாம், உச்சிமேட்டிலும் வேண்டாம். சரிவின் நடுப்பகுதியில், கன்றுக்குக் கன்று ஒரு மீட்டருக்குக் குறையாமல் நடலாம்.

கன்று செத்தால் அது எப்படிச் செத்தது என்று பார்த்தால் காரணம் தெரியும். தண்டு தரைமட்டத்தில் துண்டிக்கப்பட்டிருந்தால் நண்டு. தளிர் மட்டும் கடிபட்டிருந்தால் ஆடு, மாடு. இந்த இலையை அவை விரும்பித் தின்னும், அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலைத் தடுத்தே ஆக வேண்டும். தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரி ஒட்டிக் கன்று சாய்ந்திருந்தால் அந்த இடம் அதிக நேரம் நீரில் மூழ்குகிறது என்று பொருள், மேடான இடத்துக்கு மாற வேண்டும். இலை நுனியிலிருந்து கருகி, சுற்றிலும் மண்ணில் வெள்ளை பூத்திருந்தால் உப்பு. அங்கே மறுபடி கன்று வாங்கி நடுவது பணத்தைச் சேற்றில் போடுவதுதான். கால்வாய் தூர்ந்திருக்கும், மண்வெட்டியோடு போக வேண்டும். தூர் எடுப்பதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. ஒவ்வொரு மழைக்காலமும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும், வாய்ப்பகுதிதான் முதலில் அடைபடும்.

கால்வாய் ஒழுங்காக ஓடும் இடத்தில், அருகில் தாய்மரங்களும் இருந்தால், நடவே தேவைப்படாமலும் போகலாம். ஓதமே விதைகளைக் கொண்டுவந்து இறக்கும். ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து, சரிவில் தானாக முளைத்த கன்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வெற்றிடங்களில் மட்டும் நட்டால் போதும்.